ரொபோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை

"ரொபோ இல்லாம நமக்கு இதெல்லாம் ஏலுமா சேர்?"

புரதப் பளிங்காக்கம் என்று பேச்செடுத்தால் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் உயிரிரசாயனம் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஏலாது என்ற பதிலை உள்ளே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அந்தப் பதிலை அவர்களுக்கு ஊட்டியவர்கள் பெரியவர்கள்: வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவர்கள், உபகரணப் பட்டியல் எழுதும் குழுக்களில் இருப்பவர்கள், எங்களைப் போல வகுப்பறையில் நிற்பவர்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது பிழை. அந்தப் பிழையால் இந்தக் கரையோரத்தில் ஒரு துறையே தொடங்கப்படாமல் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களின் வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்துவைக்கிறேன். ஒரு புரதம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய அதன் முப்பரிமாண அமைப்புத் தெரியவேண்டும். அதற்கு நீண்டகாலமாகக் கைகொடுத்து வரும் வழி, புரதத்தைப் பளிங்காக்கி அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்துவது. எந்தப் புரதம் எந்தக் கரைசலில் பளிங்காகும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. ஆகவே நூற்றுக்கணக்கான கரைசல்களில் போட்டுப் பார்க்கவேண்டும். இதுவரை எல்லாம் சரி. இதற்கு மேல்தான் சறுக்குகிறார்கள்: அத்தனை சோதனையையும் ரொபோ இல்லாமல் செய்ய முடியாது, ரொபோ பல்லாயிரம் டொலர், நாடு 2022இல் வங்குரோத்தாகிப் போனது, ஆகவே ரொபோ வரும் காலத்தில் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள்.

அந்த இயந்திரம் உண்மையில் செய்வது என்ன? உலகின் பல ஆய்வுகூடங்களில் இருக்கும் 'மொஸ்கிட்டோ' ரொபோவை எடுத்துக்கொள்வோம். 96 இடங்கள் கொண்ட தட்டு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி. குழியில் வெவ்வேறு கரைசல். ஒன்றில் அமோனியம் சல்பேற்று, அடுத்ததில் பொலிஎதிலீன் கிளைக்கோல், இன்னொன்றில் அதே கிளைக்கோல் வேறொரு அமிலத்தன்மையில். ரொபோவின் மெல்லிய ஊசிமுனைகள் புரதக் கரைசலில் 100 நனோலீற்றரை எடுத்து ஒரு சிறு மேடையில் வைக்கின்றன. குழியிலிருந்து இன்னொரு 100 நனோலீற்றரை எடுத்து அதன்மேல் சேர்க்கின்றன. சில நிமிடங்களில் தட்டு முடிந்துவிடும். மேலே கண்ணாடி போன்ற பிசின்தாளை ஒட்டி 20 பாகை செல்சியசில் வைத்துவிடுகிறார்கள். பிறகு துளியிலிருந்து நீராவி மெல்ல மெல்லக் குழிக்குப் போகும். துளி செறிவாகும். அதிர்ஷ்டம் இருந்தால், புரதமும் நல்லதாக இருந்தால், பளிங்கு வளரும்.

அளந்து வைப்பதோடு இயந்திரத்தின் வேலை முடிகிறது. சிறிய அளவில் அளக்கிறது, வேகமாக அளக்கிறது, சலிக்காமல் அளக்கிறது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை, கணக்கைப் பாருங்கள். கையால் வைத்தால் ஒரு துளிக்கு 1 மைக்ரோலீற்றர் புரதம் வேண்டும். 96 நிலைமைகளுக்கு 96 மைக்ரோலீற்றர். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் செறிவென்றால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் புரதம் போய்விடும். ரொபோவுக்கு அதில் பத்திலொரு பங்கு போதும். மனித உயிரணுக்களின் மென்சவ்வில் புதைந்திருக்கும் புரதங்கள் மாதக்கணக்கில் பாடுபட்டாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட புரதத்தோடு போராடுகிறவனுக்கு இந்தப் பத்து மடங்கு வாழ்வா சாவா என்பது போன்றது. 2020இல் கொரோனா வைரசின் முக்கிய நொதியத்தைப் பிரித்தானியாவின் டயமண்ட் எக்ஸ் கதிர் ஒளிமூலத்தில் ஆராய்ந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு இரசாயனத் துண்டுகளைத் தனித்தனிப் பளிங்குகளில் ஊறவைத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று சில வாரங்களில் பார்த்தார்கள். அதைக் கையால் செய்திருக்க முடியாது. ரொபோவுக்கு உரிய மரியாதையை முழு மனதோடு கொடுக்கிறேன்.

என் கேள்வி வேறு. தொடங்குவதற்கு அது வேண்டுமா?

வரலாறு வேண்டாம் என்கிறது. ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் 17 வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர். அவர் இடது கைப் பழக்கமுள்ளவரும்கூட. ஒற்றைக் கையோடு இரசாயனம் படிக்க வந்தபோது, இது உனக்குச் சரிவராது, சட்டம் படி என்று ஹார்வர்டில் புத்தி சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1917இல் வாளவரை வித்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யூரியாவைச் சிதைக்கும் யூரியேசு நொதியம் அந்த வித்தில் நிறைய இருந்தது. அதனால்தான் அதைத் தேர்ந்தார். ஆய்வுகூடத்தில் குளிர்ப்பெட்டிகூட இல்லாத காலத்தில் வடித்தெடுத்த சாற்றை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுக் குளிரான இரவுக்காகக் காத்திருந்தார்கள். 1926இல் அற்ககோலுக்குப் பதிலாக அசற்றோனைச் சேர்த்து, வடித்து, இரவு முழுதும் குளிரில் வைத்துவிட்டு, காலையில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார். சின்னஞ்சிறு பளிங்குகள் நிறைந்திருந்தன. உலகில் முதன்முதலாகப் பளிங்காக்கப்பட்ட நொதியம் அதுதான். நொதியம் என்பது புரதமே என்று நிறுவியதும் அதுதான். ஜேர்மனியின் பெரிய விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்கள். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சம்னருக்கு இயந்திரம் கைகொடுக்கவில்லை. எந்தப் பொருளில் புரதம் ஏராளமாக இருக்கிறது என்ற தேர்வும், ஒன்பது வருடப் பிடிவாதமும் கைகொடுத்தன.

அது நூறு வருடத்துக்கு முந்திய எளிய காலம் என்று சொல்வார்கள். அப்படியானால் ரைபோசோமுக்கு வருவோம். உயிரணுவுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் அந்த மாபெரும் கூட்டமைப்பைப் பளிங்காக்கவே முடியாது என்று பலர் நினைத்திருந்த நேரத்தில், 1980இல் பெர்லினில் அடா யோனாத் அதன் முதல் நுண்பளிங்குகளைப் பெற்றார். அவருக்கு வழி திறந்தது மூலப்பொருளின் தேர்வு. வெப்பம் தாங்கும் பக்டீரியாவின் ரைபோசோமை அவர் எடுத்தார். பின்னர் சாக்கடலின் உப்பில் வாழும் நுண்ணுயிரின் ரைபோசோமையும் எடுத்தார். கடுமையான சூழலில் வாழும் உயிரின் மூலக்கூறு எளிதில் குலையாது என்பது அதன் பின்னால் இருந்த யோசனை. இருபது ஆண்டுகள் கழித்து, 2000இல், அதன் இரு துணையலகுகளின் அமைப்புகளும் வெளிவந்தன. 2009இன் நோபல் பரிசை அவரும் தோமஸ் ஸ்டைட்சும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் பகிர்ந்துகொண்டார்கள். ராமகிருஷ்ணன் குழுவும் வெப்பம் தாங்கும் பக்டீரியாவைத்தான் எடுத்திருந்தது.

நமது அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் வெந்நீரூற்றுகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுடுநீரில் வாழும் பக்டீரியாக்களின் புரதங்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. வெளிநாட்டில் விற்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னும் அருகே வருகிறேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் என்பவர் இருந்தார். ஒக்ஸ்பேட்டில் டொரத்தி ஹொட்கினுடன் இன்சுலின் அமைப்பில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, இந்தியாவில் புரதப் பளிங்கியலை வளர்த்தவர். 2022இல் காலமானார். அவருடைய குழு எடுத்துக்கொண்ட புரதங்களைப் பாருங்கள்: நிலக்கடலையின் லெக்ரின் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்), 1994, பலாக்கொட்டையின் லெக்ரினான ஜக்கலின், 1996, அதற்குப் பின் சிறகவரையின் லெக்ரின்கள், உள்ளியின் லெக்ரின். எல்லாம் சந்தையில் கிடைக்கும் பொருள்கள். நனோலீற்றர் ரொபோக்கள் விற்பனைக்கு வந்திராத காலத்தில், நம் வீட்டுப் பலாக்கொட்டையிலிருந்து உலகம் அதுவரை லெக்ரின்களில் கண்டிராத ஒரு மடிப்பமைப்பை அந்தக் குழு கண்டுபிடித்தது. ஜக்கலினைப் பிரித்தெடுக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். கொட்டையை அரைத்து உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, கலக்ரோசு சர்க்கரை பிணைத்த நிரலொன்றின் ஊடாக ஓடவிட்டால் ஜக்கலின் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு நிற்கும். மற்றதெல்லாம் ஓடிவிடும். பிறகு கலக்ரோசுக் கரைசலை ஊற்றினால் அது இறங்கி வரும். மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும் இந்தப் புரதத்துக்கு நனோலீற்றர் சிக்கனம் எதற்கு?

ரொபோ இல்லாமல் ஏலாது என்பவர்களின் வாதம் உடைவது இங்கேதான். கையிருப்புக் குறைந்த புரதத்துக்கு வேண்டிய கருவியை, எல்லாப் புரதத்துக்கும் வேண்டிய கருவியாக ஆக்கிவிட்டார்கள்.

நிலைமைகள் ஆயிரம் சோதிக்கவேண்டும் என்பதும் பாதி உண்மைதான். 1991இல் யார்மிலா யன்காரிக்கும் சுங்-ஹோ கிம்மும் கலிபோர்னியாவில் ஒரு வேலை செய்தார்கள். அதுவரை பளிங்கான புரதங்கள் எந்தெந்தக் கரைசல்களில் பளிங்காயின என்று பார்த்து, அவற்றிலிருந்து 50 கரைசல்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். முழுப் பரப்பையும் சல்லடை போடாமல், அங்கங்கே ஊசியால் குத்திப் பார்க்கும் முறை அது. இன்று பெட்டியில் விற்கப்படும் தேர்வுக் கரைசல்களில் பல அந்த யோசனையின் வாரிசுகள். ஐம்பது துளிகளை ஒரு மாணவி ஒரு பின்னேரத்தில் வைத்துவிடலாம். அதற்குத் தேவை, இருபத்துநான்கு குழிகளுள்ள பிளாஸ்ரிக் தட்டுகள் மூன்று.

எப்படி வைப்பதென்று சொல்லிவிடுகிறேன். இதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு. குழியின் விளிம்பைச் சுற்றிப் பசைக்கிறீசைப் பூசவேண்டும். காற்றுப்போக மிகச்சிறு இடைவெளி ஒன்று விடவேண்டும். குழிக்குள் அரை மில்லிலீற்றர் கரைசல். சிலிக்கோன் பூசிய வட்டக் கண்ணாடித் துண்டை எடுத்து, அதன் நடுவில் ஒரு மைக்ரோலீற்றர் புரதம். அதன்மேல் குழிக் கரைசலில் ஒரு மைக்ரோலீற்றர். குமிழி வரக்கூடாது, வந்தால் துளி கெட்டது. கண்ணாடியைச் சட்டென்று கவிழ்த்து, விளிம்பில் அழுத்தி, இலேசாகத் திருகவேண்டும். துளி தலைகீழாகத் தொங்கி நிற்கும். முதன்முதலாகச் செய்கிற பிள்ளைக்குக் கை நடுங்கும். மூன்றாவது தட்டில் நடுக்கம் போய்விடும். பழகுவதற்குக் கோழிமுட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் போதும். கறியுப்பு ஆறு சதவீதமளவில், சோடியம் அசற்றேற்றுத் தாங்கற் கரைசல், அமிலத்தன்மை 4.6. பின்னேரம் வைத்தால் மறுநாள் காலையில் வெட்டிய கண்ணாடி போலப் பளிங்குகள் நிற்கும். 1946இல் அல்டேட்டனும் பெவோல்டும் வெள்ளைக்கருவிலேயே நேரடியாக உப்பைச் சேர்த்து, காரத்தன்மையைக் கூட்டி, சிறிது விதைப் பளிங்கைப் போட்டு லைசோசைமைப் பிரித்துக் காட்டினார்கள். உப்பும் முட்டையும் இல்லாத ஊரா இது?

நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தத் துளிகளைப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான பள்ளிக்கூடம். பெரும்பாலான துளிகள் தெளிவாக, வெறுமையாக இருக்கும். சிலவற்றில் மண்ணிறத் தூள் படிந்திருக்கும், புரதம் குலைந்துவிட்டது. சிலவற்றில் எண்ணெய்த்துளி போலப் பிரிந்து நிற்கும்; அது நல்ல அறிகுறி, அந்த நிலைமையைச் சுற்றித் தேடலாம். ஊசிகள், கடல்முள்ளி போன்ற கொத்துகள், மெல்லிய தகடுகள். ஒருநாள் விளிம்பு கூரிய அழகான பளிங்கு ஒன்று நிற்கும், மனசு துள்ளும். ஆனால் அது வெறும் உப்பாக இருக்கலாம். ஊசியால் தொட்டுப் பார்த்தால் தெரியும். உப்பு 'டிக்' என்று எதிர்க்கும். புரதம் நொறுங்கிப்போகும், ஏனென்றால் அதில் ஏறத்தாழப் பாதி நீர்தான். நீலச்சாயத்தை ஒரு சொட்டு விட்டால் புரதப் பளிங்குக்குள் சாயம் ஊறிப்போகும், உப்புக்குள் போகாது. பளிங்கு சிறிதாக வந்தால், பூனையின் மீசை மயிர் ஒன்றை அந்தத் துளியில் தொட்டு அடுத்த துளியின் ஊடாக இழுத்துவிட்டால், இழுத்த கோட்டின் நெடுகப் பளிங்குகள் முளைக்கும். உலகின் பெரிய ஆய்வுகூடங்களில் உண்மையாகவே பாவிக்கும் முறை இது.

இதையெல்லாம் பார்க்காமல் ரொபோவிடம் போகிற மாணவருக்குத் திரையில் படங்கள் மட்டும் தெரியும். புரதத்தையும் கரைசலையும் சேர்த்த நொடியிலேயே துளி வெண்மையாகக் கலங்குவதை அவர் காணமாட்டார். கிளைக்கோல் தடிப்பாக இருந்து ஊசிமுனை இழுக்காமல் விட்ட துளியை, புரதத்தின் குற்றம் என்று எடுத்துக்கொள்வார். புரதத்துளி ஒரு பக்கமும் கரைசல் துளி மறுபக்கமும் ஒட்டாமல் கிடப்பதை, "பளிங்கு வரவில்லை" என்று குறித்துவைப்பார். 2018இல் கூகிள் விஞ்ஞானிகளும் பளிங்கியலாளர்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து இலட்சம் துளிப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 94 சதவீதம் சரியாக வகைப்படுத்தியது. அந்த ஐந்து இலட்சத்தையும் முதலில் பார்த்துப் பெயர் வைத்தவை மனிதக் கண்கள். அந்தக் கண் நம்மிடம் உருவாகவேண்டும் என்பதுதான் என் கவலை.

ரொபோக்கள் உச்சத்தில் இருந்த காலமே என் பக்கம் சாட்சி சொல்கிறது. அமெரிக்கா 2000இலிருந்து 2015வரை புரத அமைப்பு முன்முயற்சி என்ற பெருந்திட்டத்தை நடத்தியது. ஜப்பான் 2002இலிருந்து 2007வரை 'புரதம் 3000' என்ற திட்டத்தை நடத்தியது. பணம், ரொபோ, ஆட்கள் எல்லாம் குவிந்த இடங்கள். துளி வைப்பது அங்கே ஒரு தடையாகவே இருக்கவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்ட மரபணுக்களில் பத்தில் ஒன்றுகூட அமைப்பு வரை போய்ச் சேரவில்லை. பல புரதங்கள் பக்டீரியாவுக்குள் உருவாகவே இல்லை. உருவானவற்றில் பல கரையாமல் கட்டியாகின. கரைந்தவற்றில் பல தூய்மையாகவில்லை. பளிங்கானவற்றில் பல எக்ஸ் கதிருக்கு ஒழுங்கான புள்ளிகளைக் காட்டவில்லை. தடை இருந்தது ரொபோவுக்கு முன்னும் பின்னும். நடுவில் இருக்கும் அந்த ஒரு படியை வேகமாக்கியதால் இரு பக்கத்துச் சிக்கல்களும் வெளிச்சத்துக்கு வந்தன. அதுவும் ஒரு பெரிய சேவைதான். ஆனால் அந்தப் பாடத்தை நமக்காக அவர்கள் படித்துவிட்டார்கள். நாம் மறுபடியும் காசு கொடுத்துப் படிக்கத் தேவையில்லை.

முன்னும் பின்னும் உள்ளதைக் கணக்கில் எடுக்காமல் நடுவில் மட்டும் ஒன்றைக் கட்டினால் என்ன நடக்கும் என்று ஒலுவில் துறைமுகத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு அது. தென்கிழக்கின் இளைஞர்களுக்குத் தொழில், நெல்லுக்கும் மீனுக்கும் ஒரு கடல்வாசல் என்று அவர் கண்ட கனவில் இன்றும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவருடைய முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. துறைமுகமோ டென்மார்க்கின் கடனில், நான்கரைக் கோடி யூரோவுக்கு மேல் செலவில், 2008இல் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பது. கடலுக்குள் நீண்ட கல் அணைகள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்து, துறைமுக வாயையும் மூடியது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ஒலுவில் கரையும் அதற்கப்பால் நிந்தவூர்க் கரையும் அரிபட்டன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, வாடிகள் போயின. வாயைத் தோண்டு என்று படகுக்காரர் கேட்க, தோண்டினால் எங்கள் காணி போகும் என்று கரையிலுள்ளவர்கள் மறிக்க, ஒரே ஊரவர் இரண்டு பக்கமாக நின்றார்கள். வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது இயங்கவேயில்லை. கட்டிய கல்லில் குற்றமில்லை. வாசலுக்கு வெளியே நாளும் நகர்வதைக் கணக்கில் எடுக்காமல் வாசலைக் கட்டினார்கள்.

புரதம் தூய்மையாக்க ஆளும் குளிரறையும் இல்லாத இடத்தில், பளிங்கைக் கொண்டுபோய் எக்ஸ் கதிரில் வைக்க வழியில்லாத இடத்தில், நடுவே ஒரு ரொபோவை நிறுத்தினால் அதே கதைதான். திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள். ஊசிமுனைகள் முடிந்ததும் டொலர் கேட்கும். பராமரிப்பு ஒப்பந்தம் டொலர் கேட்கும். 96 குழித் தட்டும் டொலர்தான். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. இருபது பாகையில் அசையாமல் இருக்கவேண்டிய தட்டுகள் முப்பத்திரண்டு பாகையில் வெந்திருக்கும். கையால் வைத்த தட்டையென்றால், மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களோடு மூடி வைத்து ஒரு மின்வெட்டைச் சமாளிக்கலாம்.

இனி இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு. அல்பாபோல்ட் வந்துவிட்டதே, புரதத்தின் வரிசையைக் கொடுத்தால் கணினியே அமைப்பைச் சொல்லிவிடுகிறதே, இனிப் பளிங்கே எதற்கு என்கிறார்கள். 2024இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது, உரியதுதான். ஆனால் அது கற்றுக்கொண்டது எங்கிருந்து? 1971இலிருந்து சேர்த்துவைத்த புரதத் தரவு வங்கியிலிருந்து. அங்கிருக்கும் அமைப்புகளில் மிகப் பெரும்பான்மை பளிங்குகளிலிருந்து வந்தவை. புதிதாகச் செய்த ஒரு மருந்து மூலக்கூறு நொதியத்தின் குழிக்குள் எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறது என்ற கேள்விக்குக் கணினியின் ஊகத்தை மட்டும் நம்பி மனிதருக்கு ஊசி போட எந்த மருத்துவரும் துணியமாட்டார். சரிபார்க்கப் பளிங்கு வேண்டும்.

எங்களுக்கு அந்தக் கேள்வி தூரத்துக் கேள்வியும் அல்ல. சம்மாந்துறை வயலிலும் அக்கரைப்பற்று வயலிலும் அறுவடைக்கு இறங்குகிறவரின் காலில் கொத்துவது கண்ணாடி விரியன். அதன் நஞ்சில் பொஸ்போலிப்பேசு ஏ2 என்ற நொதியம் நிறைய இருக்கிறது. அது நன்றாகப் பளிங்காகும் வகைப் புரதம். டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டி.பி. சிங்கின் குழு இந்தியக் கண்ணாடி விரியனின் அந்த நொதியத்தை, அதில் ஒட்டும் பல மூலக்கூறுகளோடு சேர்த்துப் பளிங்காக்கி அமைப்புகளை வெளியிட்டிருக்கிறது. இலங்கையின் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு கண்ணிமையும் சரிந்துவிடும். நரம்பையும் தாக்கும் நஞ்சு அது. நாம் போடும் மாற்றுமருந்தோ இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்து இந்தியாவில் தயாரித்தது. நமது பாம்பின் நஞ்சு எங்கே வேறுபடுகிறது என்று அணு மட்டத்தில் பார்க்கவேண்டியது யார்? கடிபடுகிறவரின் ஊரில் பிறந்த பிள்ளைகள்தான் என்று நான் நினைக்கிறேன். நஞ்சுப் புரதம் மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். கையால் வைக்கலாம்.

பளிங்கு வந்தபிறகு எக்ஸ் கதிருக்கு எங்கே போவது? இந்தியாவின் இந்தோரில் இந்தஸ்-2 ஒத்தியக்க வளையத்தில் புரதப் பளிங்குகளுக்கென்றே ஒரு கதிர்க்கோடு இருக்கிறது. உலகின் பல ஒளிமூலங்களில் பளிங்கை உறையவைத்து அனுப்பிவிட்டு, ஊரில் கணினி முன் உட்கார்ந்தே தரவை எடுக்க வழியிருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதவேண்டும், கூட்டாளிகளைத் தேடவேண்டும். ஆனால் விண்ணப்பத்தோடு வைக்க ஒரு பளிங்கின் படம் வேண்டும். அந்த முதல் படத்துக்கு ரொபோ தேவையில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய் ரொபோ முன் நின்றால் பின்தங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பதில். பொத்தான் அழுத்தப் பழக இரண்டு நாள் போதும். எந்தத் துளியைத் தொடர்ந்து வளர்க்கவேண்டும், எதைக் கழுவி ஊற்றவேண்டும் என்று அறிய வருடங்கள் வேண்டும். ரொபோ உள்ள ஆய்வுகூடங்களிலேயே, நனோலீற்றர் துளியில் தலைகாட்டிய பொடிப் பளிங்கைப் பெரிதாக்குவதற்கு மறுபடியும் 24 குழித் தட்டையும் கையையும் நாடுகிறவர்கள் பலர். அங்கே நம் பிள்ளை முன்வரிசையில் நிற்கலாம்.

ரொபோவே வேண்டாமென்று நான் சொல்லவில்லை என்பதால் இதையும் சொல்லவேண்டும். நாட்டுக்கு ஒன்று வரட்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானதாக, பராமரிக்க ஆளோடும் தடையில்லா மின்சாரத்தோடும் வரட்டும். அது கொழும்பிலோ பேராதனையிலோ இருக்கட்டும். ஒலுவிலுக்கு வேண்டும் என்று நான் கொடி பிடிக்கமாட்டேன். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு ஏறினால் விடியும்போது புரதம் கொழும்பில். நாம் கொடி பிடிக்கவேண்டியது வேறு பொருள்களுக்கு: நாலு பாகையில் நிற்கும் ஒரு குளிரறை, அதற்கென்று ஒரு மின்பிறப்பாக்கி, நல்ல மையநீக்கி ஒன்று, புரதத்தைப் பிரிக்கும் நிரல்கள், முனைவாக்கி பொருத்திய நுணுக்குக்காட்டிகள் நாலைந்து, ஒவ்வொரு மாணவர் கையிலும் சரியாக அளவுதிருத்திய மைக்ரோபிப்பெற், அலமாரி நிறைய 24 குழித் தட்டுகள். இந்தப் பட்டியலை அடுத்த வருட மூலதனச் செலவு மதிப்பீட்டில் ரொபோ என்று எழுதிய வரிக்கு மேலே எழுதச் சொல்லி நான் கேட்கிறேன். பலாக்கொட்டைக் காலம் வரும்போது முதல் தொகுதி மாணவர்கள் அரைக்கத் தொடங்கிவிடலாம்.